எழும்பூர் மியூசியம் போறதுக்கு முன்னாடி: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

எழும்பூர் மியூசியத்துக்கு வருஷத்துக்கு நாலஞ்சு தடவையாவது போயிடுவேன், அதனாலயே ஊர்ல இருந்து யாராவது சென்னைக்கு கிளம்பினா முதல் போன் எனக்குத்தான் வரும். ஒரே பதிலை திருப்பித் திருப்பி சொல்லி அலுத்துப்போச்சு. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன், இனிமே யார் கேட்டாலும் இதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடலாம்.

என்னிக்கு லீவு? எத்தனை மணிக்கு போகணும்?

வெள்ளிக்கிழமை லீவு. இதை பெருசா எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க. மத்த ஊர்ல மியூசியம்னா திங்கட்கிழமை மூடுவாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கும்ல, அதே நினைப்புல நான் எங்க அத்தை குடும்பம் ஏழு பேரை வேன் வச்சு கூட்டிட்டு போயி பூட்டின கேட் முன்னாடி நின்னேன், அத்தை இன்னிக்கு வரைக்கும் அதை சொல்லிக் காட்டுவாங்க. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி தேசிய விடுமுறை நாள்லயும் திறக்க மாட்டாங்க. மத்த நாள்ல காலைல 9.30-ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும். திறந்தவுடனே போயிடுங்க, பத்தரை பதினொண்ணு ஆச்சுன்னா ஸ்கூல் பஸ் வரிசையா வந்து நிக்கும், அப்புறம் நடராஜர் முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியாது.

எப்படி போறது?

எழும்பூர் ரயில்வே ஸ்டேஷன்லயோ மெட்ரோலயோ இறங்குங்க. நடந்தா கால் மணி நேரம், வெயில்னா ஆட்டோ. பாந்தியன் ரோடுன்னு சொன்னாலே தெரியும், மியூசியம்னு சொன்னா இன்னும் நல்லா தெரியும்.

டிக்கெட் எவ்ளோ?

உள்ளூர் ஆளுங்களுக்கு பயப்படுற மாதிரி இல்ல, சின்ன தொகைதான். வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட், அது அதிகமாவே இருக்கும். கேமராவுக்கு தனியா வாங்குவாங்க. வாங்குன டிக்கெட்டை கசக்கி போட்டுடாதீங்க, ஒவ்வொரு பில்டிங்லயும் கேப்பாங்க.

ஒரே நாள்ல முழுசா பாத்துடலாமா?

முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. இதைத்தான் நான் தலைகீழா நின்னு சொல்லிட்டு இருக்கேன், யாரும் கேக்கறதில்ல. மொத்தம் 16.25 ஏக்கர், அதுல தனித்தனியா அஞ்சாறு பில்டிங்கு, கல் சிற்பம், வெண்கலம், நாணயம், பாடம் பண்ணின மிருகம், பாறை, செடி, ஓவியம்னு எல்லாம் கலந்து கிடக்கும். வர்றவங்க என்ன பண்றாங்கன்னா ஒரு வாசல்ல நுழைஞ்சு மறு வாசல் வரைக்கும் நடந்துக்கிட்டே இருக்காங்க, காலு வலிக்குது, பசிக்குது, வீட்டுக்கு போனப்புறம் என்னடா பாத்தீங்கன்னு கேட்டா ‘நிறைய சிலை’ங்கறாங்க. ஒரு தடவைக்கு ஒரு பில்டிங்கு போதும். அதுலயும் ஒரு பத்து பொருளை நின்னு பாருங்க, மீதியை கண்டுக்காம விடுங்க. ஒண்ணும் குடி முழுகிடாது, 1851-ல இருந்து இருக்குற மியூசியம், அடுத்த தடவை வரும்போதும் அங்கதான் இருக்கும்.

சரி, ஒரே ஒரு பில்டிங்குன்னா எது?

வெண்கலக் கூடம். யோசிக்கவே வேணாம். 1,500-க்கு மேல வெண்கலம் இந்த மியூசியத்துல இருக்கு, பல்லவர் காலத்துல இருந்து பின்னாடி வரைக்கும், அதுலயும் சோழர் காலத்து சாமிங்க இவ்ளோ பேரை ஒரே கூரைக்கு கீழ வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

முதல்ல திருவாலங்காட்டு நடராஜர்கிட்ட போங்க. நாம காலண்டர்ல, ஷோகேஸ்ல பாத்த நடராஜர் எல்லாம் நெருப்பு வட்டத்துக்குள்ள இருப்பாரு, அந்த திருவாசி இவருக்கு இல்ல, போயிடுச்சு. பறக்குற சடையும் இல்ல. முதல் தடவை பாத்தப்போ எனக்கு ஏதோ உடைஞ்ச பொருள் மாதிரி கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது தடவை பக்கவாட்டுல போயி நின்னு பாத்தப்போதான் புரிஞ்சுது, வட்டம் இல்லாததால உடம்பு மட்டும் மிச்சம், அந்த வலது முழங்கால் எவ்ளோ மடங்கியிருக்கு, மொத்த எடையையும் அந்த ஒரே காலு, கீழ கிடக்குற முயலகன்ங்கற குள்ள அசுரன் முதுகுமேல எப்படி தாங்குது, தூக்கின இடது காலு அந்த எடையை எப்படி சமன் பண்ணுதுன்னு எல்லாம் நேரா தெரியுது. பிரெஞ்சு சிற்பி ரோடான் இருக்காரே, அவரு இந்த மியூசியத்து நடராஜர் போட்டோக்களை மட்டும் பாத்துட்டு 1913-ல ஒரு கட்டுரையே எழுதினாரு, அது அவரு செத்தப்புறம் 1921-லதான் அச்சுல வந்துச்சு. நேர்ல பாக்கவே இல்ல மனுஷன். நமக்கு மெட்ரோ டிக்கெட் தூரத்துல இருக்கு.

அடுத்தது திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர். கையை எண்ணுங்க. மூணு. சிவன் பக்கம் ரெண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. இதை நான் சொல்லாம கூட்டிட்டு போனவங்கள்ல ஒருத்தர்கூட தானா கண்டுபிடிச்சதில்ல, ஏன்னா பாக்குறதுக்கு எதுவும் குறையற மாதிரியே இல்ல, அவ்ளோ சரியா இருக்கும். சிவன் பக்கத்து ஒரு கை காத்துல சாஞ்ச மாதிரி இருக்கும், அங்க ஒரு ரிஷபம் நின்னிருக்கணும், அது இப்போ இல்ல.

இதெல்லாம் எப்படி செஞ்சாங்க?

தேன்மெழுகுல குங்கிலியம் கலந்து முதல்ல முழு உருவத்தையும் மெழுகுலயே செஞ்சுடுவாங்க, நகை, நகம் எல்லாம் சேத்து. அதுமேல வண்டல் மண்ணை பூசி காய வச்சு, சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிடும், அந்த காலி இடத்துல உலோகத்தை காய்ச்சி ஊத்துவாங்க. ஆறினப்புறம் மண்ணை உடைக்கணும். அச்சு உடைஞ்சு போச்சுல்ல, அதனால அதே மாதிரி இன்னொண்ணு வராது. நம்ம பக்கத்து சிலை பெரும்பாலும் உள்ள கூடு இல்லாத கனவார்ப்பு, அதான் சின்னதா தெரியறதுகூட அவ்ளோ கனம் கனக்கும். சுவாமிமலைல இன்னிக்கும் இப்படித்தான் பண்றாங்க.

இன்னொண்ணு, பீடத்தை பாக்க மறந்துடாதீங்க. ரெண்டு பக்கமும் வளையமோ ஓட்டையோ இருக்கும். அது கம்பு சொருகி தோள்ல தூக்கறதுக்கு. இதெல்லாம் உற்சவர், தெருவுக்கு வந்தவங்க. சில சிலைக்கு மூக்கும் கண்ணும் மழுங்கி வழவழன்னு இருக்கும் பாருங்க, அது சிற்பி சரியா செய்யாம விட்டதில்ல, பல நூறு வருஷம் அபிஷேகம் பண்ணி துடைச்சு துடைச்சு தேஞ்சது.

சாமி சிலைங்க இருக்கே, செருப்பை கழட்டணுமா? கும்பிடலாமா?

இந்த கேள்வியை கேட்டு சிரிக்காதீங்க, நிறைய பேர் கேக்கறாங்க. கழட்ட வேண்டியதில்ல, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த லீவு நாள் கூத்துக்கு அப்புறம் அத்தையை இன்னொரு நாள் கூட்டிட்டு போனேன்ல, அன்னிக்கு அவங்க வாசல்லயே செருப்பை விட்டுட்டு வெறுங்காலோட வந்து, சோமாஸ்கந்தர் (சிவன், பார்வதி, நடுவுல குழந்தை முருகன்) முன்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்புறம் என்கிட்ட மெதுவா ‘சாமிக்கு ஒரு வேட்டி கூட கட்டாம வச்சிருக்காங்களேடா’ன்னாங்க. கோயில்ல நாம பாக்குறது பட்டும் பூவும் நகையும்தான், முகம் மட்டும்தான் தெரியும், சிற்பி செதுக்கின இடுப்பும் முதுகும் இங்க வந்தாத்தான் தெரியும், அது அத்தைக்கு சங்கடம், எனக்கு அதிசயம். கும்பிடணும்னு தோணுனா மனசுக்குள்ள கும்பிட்டுக்கோங்க. பூ, விபூதி, கற்பூரம் எதுவும் வேணாம்.

கோயில்ல இருக்க வேண்டிய சாமி எல்லாம் இங்க எப்படி வந்துச்சு?

நிறைய சிலை மண்ணுக்கு அடியில கிடைச்சது. படையெடுப்பு, கலவரம்னு வந்த காலத்துல பாதுகாப்புக்காக புதைச்சு வச்சாங்க, புதைச்சவங்க போயிட்டாங்க, இடம் யாருக்கும் தெரியல. பின்னாடி யாரோ கிணறு வெட்டும்போது, ஏர் ஓட்டும்போது, வீட்டுக்கு கடைக்கால் தோண்டும்போது டங்குன்னு சத்தம் கேக்கும். 1878-ல புதையல் சட்டம் ஒண்ணு வந்துச்சு, அதுப்படி கலெக்டர்கிட்ட சொல்லணும், அப்படி கலெக்டர் மூலமா மியூசியத்துக்கு வந்ததுதான் அதிகம். நாகப்பட்டினத்துல மட்டும் 1856-ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலங்க கிடைச்சுது, அதுல நிறைய இங்க இருக்கு. நாகப்பட்டினத்துல புத்தர் கோயிலான்னு கேக்கறவங்க அதை போயி பாக்கணும், சூடாமணி விகாரம்னு ஒரு பௌத்த மடம் சோழர் காலத்துல அங்க இருந்துச்சு.

திருடுபோன சிலை கதை வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. பத்தூர் நடராஜர் லண்டன் வரைக்கும் போயி, அங்க கோர்ட்ல கேஸ் நடந்து 1991-ல திரும்பி வந்தாரு, அது திருட்டு. இங்க இருக்கறதையும் கோயிலுக்கு திருப்பி கொடுக்கணும்னு சொல்றவங்க உண்டு. எந்த கோயிலுதுன்னு தெளிவா தெரிஞ்சு, அங்க பாதுகாப்பும் இருந்தா பேசலாம்ங்கறது என் கட்சி. பூட்டி வச்சு யாரும் பாக்காம இருக்கறதுக்கு இங்க நாலு பேரு பாக்கறது மேல்.

ஒரு தடவை தொட்டு பாத்தா என்ன ஆகும்?

உங்க ஒருத்தர் கைக்கு ஒண்ணும் ஆகாது, வருஷம் பூரா வர்றவங்க எல்லார் கைக்கும் ஆகும். வேர்வையில உப்பு இருக்கு. உப்புல இருக்குற குளோரைடு செம்போட சேந்தா வெளிர்பச்சையா பொடிபொடியா பூக்கும், அதுக்கு வெண்கல நோய்னே பேரு, ஒரு தடவை பிடிச்சுதுன்னா உள்ள அரிச்சுக்கிட்டே போகும். மண்ணுக்குள்ள கிடந்த சிலைங்களுக்கு இந்த வியாதி ஏற்கனவே இருந்துச்சு. அதை மின்பகுப்பு முறையில, அதாவது மின்சாரத்தை வச்சு சரி பண்ணறதுக்காக 1930-கள்லயே இங்க ஒரு லேப் இருந்துச்சு, பரமசிவன்னு ஒரு கெமிஸ்ட் அதுல வேலை பாத்தாரு, தஞ்சாவூர் பெரிய கோயில் சுவர் ஓவியத்தை எப்படி வரைஞ்சாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவரும் அவர்தான். நியாயமா அவருக்கே ஒரு சிலை வைக்கணும்.

அமராவதி கல்லு அமராவதி கல்லுன்னு சொல்றாங்களே, அது என்ன?

ஆந்திரால கிருஷ்ணா நதிக்கரைல அமராவதின்னு பெரிய பௌத்த ஸ்தூபி இருந்துச்சு. வால்டர் எலியட்ங்கற அதிகாரி 1845-ல தோண்டி நிறைய கல்லை மெட்ராஸுக்கு அனுப்பினாரு, இங்க வருஷக்கணக்கா வெயில்லயும் மழைலயும் கிடந்து 1859-ல ஒரு பெரும்பங்கு லண்டனுக்கு கப்பல் ஏறிடுச்சு, இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. மிச்சம் நம்மகிட்ட. பளிங்குன்னு சொல்லுவாங்க, பளிங்கு இல்ல, சுண்ணாம்புக்கல்.

அதுல வட்டமா ஒரு கல்லு இருக்கு, அதை மட்டும் தேடிப் பிடிங்க. புத்தரை கொல்றதுக்காக நளகிரின்னு ஒரு மதயானையை ஏவிவிட்ட கதை. இடது பக்கம் அந்த யானை தெருவுல ஒரு ஆளை தும்பிக்கையால பிடிச்சு சுழட்டுது, ஜனங்க சிதறி ஓடறாங்க, மாடி ஜன்னல்ல இருந்து எட்டிப் பாக்கறாங்க, ஒரு பொண்ணு பயந்து பக்கத்துல இருக்கறவரை கட்டிப் பிடிச்சுக்கறா. வலது பக்கம் அதே யானை புத்தர் முன்னாடி மண்டி போட்டு கிடக்கு. ரெண்டு யானை இல்ல, ஒரே யானை, முன்னாடியும் பின்னாடியும். ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு கல்லுக்குள்ள சினிமா எடுத்திருக்காரு. கூட வர்ற பசங்ககிட்ட எத்தனை யானைன்னு கேளுங்க, ரெண்டுன்னுதான் சொல்லுவாங்க, அப்புறம் கதையை சொல்லுங்க.

ஆதிச்சநல்லூர் பொருளெல்லாம் இங்கயா இருக்கு?

ஆமா. ஆதிச்சநல்லூர் தாமிரபரணிக்கரைல இருக்குற பழங்கால இடுகாடு, அங்க அலெக்சாண்டர் ரீங்கற தொல்லியல் அதிகாரி 1900-த்தை ஒட்டின வருஷங்கள்ல தோண்டினதுல கிடைச்சது. அதுக்கும் முன்னாடி 1876-ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி எடுத்துட்டு போனது பெர்லின்ல. இங்க முதுமக்கள் தாழி, இரும்பு ஆயுதம், வெண்கல பாத்திரம், அப்புறம் நெத்தியில கட்டற மெல்லிசான தங்கத் தகடு. பாத்திரத்து மூடி மேல எருமை, பறவைன்னு குட்டி குட்டியா உருவம் நிக்கும், அதை விட்டுடாதீங்க. தாமிரபரணிக்காரங்க வந்தா இங்கயே அரை நாள் நின்னுடறாங்க, என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், அவரு தாழிக்கு பக்கத்துல நின்னு ‘எங்க தாத்தா வீட்டுல நெல்லு கொட்டி வச்ச பானையும் இதே வாட்டம்தான்’னாரு.

கல் ஆயுதமும் இருக்கு. 1863 மே 30-ந்தேதி பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை கையில எடுத்தாரு, அது ஆதிமனுஷன் செஞ்ச ஆயுதம், இந்தியால பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கதான் ஆரம்பிச்சுது. அவரு வாழ்நாள் பூரா சேத்து வச்சதை 1904-ல மியூசியம் வாங்கிடுச்சு. ஏர்போர்ட் போற வழியில பல்லாவரத்துல டிராஃபிக்ல மாட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஏன் பழைய ஆளுங்க ‘செத்த காலேஜ்’னு சொல்றாங்க?

பாடம் பண்ணின மிருகம் இருக்குற மியூசியம் செத்த காலேஜ், உயிரோட மிருகம் இருக்குற ஜூ உயிர் காலேஜ். மெட்ராஸ்காரன் பேரு வச்சா இப்படித்தான். காலேஜ்னு ஏன் வந்துச்சுன்னா, முதல்ல மியூசியம் நுங்கம்பாக்கத்துல காலேஜ் ரோட்டுல இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை காலேஜ் மாடியிலதான் ஆரம்பிச்சுது, அதுல ஒட்டிக்கிட்ட பேருன்னு நான் நினைக்கறேன். எட்வர்ட் பால்ஃபர்ங்கற டாக்டர்தான் முதல் பொறுப்பாளர். 1854-ல எழும்பூருக்கு மாத்தினாங்க. அவரு மியூசியத்துல ஒரு புலியையும் சிறுத்தையையும் வச்சிருந்தாரு, அதைப் பாக்கவே கூட்டம் அம்முச்சு, அதுல இருந்து ஜூ வளந்து, அப்புறம் சென்ட்ரல் பக்கம் போயி, 1985-ல வண்டலூருக்கு போச்சு. ஆக உயிர் காலேஜே இந்த செத்த காலேஜ் பெத்ததுதான்.

குழந்தைங்களுக்கு போரடிக்குமா?

நீங்க ஒவ்வொரு பலகையையும் சத்தமா படிச்சு காட்டினா கண்டிப்பா போரடிக்கும். நேரா திமிங்கலத்துகிட்ட கூட்டிட்டு போங்க, 1874-ல மங்களூர் கரையில ஒதுங்கின திமிங்கலத்தோட முழு எலும்புக்கூடு, கூரையில இருந்து தொங்கும். ஒரு கோடியில நிக்க வச்சு இன்னொரு கோடி வரைக்கும் எத்தனை அடி வருதுன்னு காலால அளக்க சொல்லுங்க. யானை எலும்புக்கூடும் இருக்கு, வெளிய டைனோசர் பொம்மை இருக்கு, குழந்தைங்களுக்குன்னே தனி பில்டிங்கும் இருக்கு. நாலு வயசு என் தங்கச்சி பையனுக்கு மொத்த மியூசியத்துலயும் பிடிச்சது டைனோசரும் ஒரு அணிலும்தான், அணிலு உயிரோட மரத்துல இருந்தது.

ஓவியம் பாக்கணும், ஆர்ட் கேலரி எங்க?

அந்த இளஞ்சிவப்பு கல்லு பில்டிங்கு, பாத்தவுடனே ஏதோ மொகலாயர் அரண்மனையை தூக்கிட்டு வந்து வச்ச மாதிரி இருக்கும், அதான். வரைஞ்சது ஹென்றி இர்வின், கட்டினது நம்பெருமாள் செட்டி, ஹைகோர்ட்டும் இவங்க கைவண்ணம்தான். விக்டோரியா ராணி நினைவா 1906-ல அடிக்கல் போட்டு 1909-ல திறந்தாங்க. ரவிவர்மா ஓவியம் இந்த கேலரியோட சொத்து. ஆனா பில்டிங்கு பழுதாகி ரொம்ப வருஷம் மூடியே கிடந்துச்சு, அதனால இதுக்காகவே வர்றதா இருந்தா டிக்கெட் வாங்கும்போதே திறந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நம்ம காலத்து ஓவியங்களுக்கு தனி கேலரி இருக்கு, அங்க கூட்டமே இருக்காது, ஃபேனுக்கு கீழ நின்னு நிதானமா பாக்கலாம்.

உள்ள போக முடியலன்னாலும் வெளிய நின்னு அந்த கல்லு வேலைப்பாட்டை பாருங்க, சாயங்கால வெயில்ல அந்த கலரே தனி.

தோட்டம் இருக்குன்னு சொல்றாங்க, உக்காரலாமா?

பூங்கா மாதிரி எதிர்பாத்து வராதீங்க, புல்வெளி, பெரிய பெரிய பழைய மரம், அங்கங்க பீரங்கி, கல் சிற்பம், அவ்ளோதான். ஆனா இந்த இடமே முதல்ல தோட்டம்தான். 1778-ல ஹால் ப்ளூமர்ங்கற ஈஸ்ட் இந்தியா கம்பெனி அதிகாரிக்கு 43 ஏக்கர் கொடுத்தாங்க, அவரு தோட்ட வீடு கட்டினாரு, 1793-ல அதை 24 பேர் கமிட்டிகிட்ட ஒப்படைச்சாரு. வெள்ளைக்காரங்க விருந்து, டான்ஸு, நாடகம்னு கூத்தடிச்ச இடம், அதுக்கு பேரு பாந்தியன், அதான் பாந்தியன் ரோடு. நிறைய பேர் அதை பாண்டியன் ரோடுன்னு நினைச்சுக்கிட்டு மதுரைக்கும் எழும்பூருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறாங்க. அப்புறம் 1821-ல மூரத்ங்கற அர்மீனிய வியாபாரி கைக்கு போயி, 1830-ல சர்க்கார் 28,000 ரூபாய்க்கு திருப்பி வாங்குச்சு. எழும்பூர்ல இன்னிக்கு அந்த காசுக்கு வாடகைக்கு வீடு பாத்து சொல்லுங்க.

மத்தியானம் ஒரு கேலரி முடிச்சுட்டு மரத்தடியில அரை மணி நேரம் உக்காந்துட்டு அடுத்ததுக்கு போனா அவ்ளோ அசதி தெரியாது.

பக்கத்துல இருக்குற சிவப்பு பில்டிங்கெல்லாம் என்ன?

ஒண்ணு மியூசியம் தியேட்டர், இன்னிக்கும் நாடகம் போடறாங்க. இன்னொண்ணு கன்னிமாரா நூலகம். நிறைய பேரு ஏதோ கன்னிமார் சாமி பேருன்னு நினைச்சுட்டு இருக்காங்க, கன்னிமாரா பிரபுன்னு கவர்னர் இருந்தாரு. 1896 டிசம்பர் 5-ந்தேதி திறந்தது. இந்தியால அச்சாகுற புத்தகத்துல ஒரு காப்பி சட்டப்படி இங்க வந்தாகணும், அந்த மாதிரி நூலகம் நாட்டுலயே நாலுதான். பழைய கட்டடத்தோட உள்பக்கத்தை பாக்க வாய்ப்பு கிடைச்சா விட்டுடாதீங்க.

வயசானவங்களை கூட்டிட்டு வரலாமா?

வரலாம், ஆனா பில்டிங்குக்கு பில்டிங்கு நடக்கணும், மாடிப்படி இருக்கு. அவங்களுக்கும் அதே கணக்குதான், ஒரு கேலரி போதும். தண்ணி பாட்டில், குடை, உக்காந்து உக்காந்து போற பொறுமை.

போட்டோ எடுக்கலாமா?

கேமரா டிக்கெட் எடுத்தவங்க எடுக்கலாம், போனுக்கும் வேணுமான்னு கவுன்டர்ல கேட்டுக்கோங்க. ஃப்ளாஷ் போடாதீங்க, ஓவியத்துக்கு நல்லதில்ல, கண்ணாடிக்கு பின்னாடி இருக்குற வெண்கலத்துல ஃப்ளாஷ் அடிச்சா உங்க மூஞ்சிதான் தெரியும்.

இது பிடிச்சிருந்தா அடுத்து எங்க போறது?

சென்னைக்குள்ளன்னா கோட்டை மியூசியம், அதுவும் வெள்ளிக்கிழமை லீவு, நான் சொல்லிட்டேன். வெளியூர்னா மதுரை பக்கம் 2023-ல திறந்த கீழடி. ஆனா என்னைக் கேட்டா தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம்தான். அங்க திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது ரிஷபத்துமேல கை சாச்சு நிக்கற சிவன் இருக்காரு, நம்ம அர்த்தநாரீஸ்வரர் ஊர்க்காரர். தலையில பாம்பையே தலைப்பாகை மாதிரி சுத்திக்கிட்டு, ஒரு கையை சாச்சு வச்சுக்கிட்டு நிப்பாரு. அவருக்கும் ரிஷபம் காணோம்.